2.6 மீட்டர் எக்ஸ்ட்ரா 300 மாடலைக் கிட்டிலிருந்து கட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

கேள்வி இதுதான். ரேடியோவால் இயக்கும், ஒன்றரை மீட்டர் இறக்கை நீளமுள்ள ஆயத்த மாடல் விமானங்களைச் சில ஆண்டுகளாகப் பறக்கவிட்டுப் பழகிய ஒருவர், அடுத்ததாக எக்ஸ்ட்ரா 300 என்ற சாகச விமானத்தின், அசலில் 35 சதவீத அளவுள்ள மாடலைக் கிட்டாக, அதாவது பாகங்களின் தொகுப்பாக வாங்கித் தாமே கட்ட நினைக்கிறார். இறக்கை நீளம் 2.6 மீட்டர், எஞ்சின் 100 சிசி பெட்ரோல். "சிறிய மாடலைக் கட்டுவது போலத்தானே, அளவுதானே பெரியது? எந்த இடத்தில் அதிகக் கவனம் தேவை?" என்று கேட்டிருக்கிறார்.

அளவு மட்டும்தான் பெரியது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நீளத்தை இரு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆனால் அதே பொருளால், அதே முறையில் கட்டினால் எடை எட்டு மடங்காகிவிடும். பெரிய மாடல்கள் அப்படி எட்டு மடங்கு கனக்காமல் இருப்பதற்குக் காரணம், அவற்றின் உள்கட்டமைப்பே வேறு என்பதுதான். மெல்லிய பிளைவுட் சட்டங்களில் பாதி ஓட்டையாக இருக்கும். இறக்கையைத் தாங்குவது உடலைக் குறுக்காகக் கடந்து செல்லும் ஒரே குழாய். சிறிய மாடலில் மரமும் பசையும் தாராளமாக இருப்பதால் சிறு பிழைகள் மறைந்துபோகும். இதில் ஒவ்வொரு துண்டும் தன் முழு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், 15 மீட்டர் ஆரமுள்ள வளையத்துக்குள் விமானத்தை இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 60. அதாவது புவியீர்ப்பைப் போல் ஆறு மடங்கு. வளையத்தின் அடிப்பகுதியில் புவியீர்ப்பும் சேர்ந்துகொள்ள, ஏழு மடங்கு. 12 கிலோ விமானம் அந்தக் கணத்தில் 84 கிலோவாக அந்தக் குழாயில் தொங்குகிறது. சாகசப் பறத்தலில் இது அன்றாடம் நடப்பது.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. வலிமைக் கணக்கை கிட்டை வடிவமைத்தவர் முடித்துவிட்டார். அதில் நீங்கள் கைவைக்க வேண்டியதில்லை. உங்கள் பொறுப்பில் இருப்பவை, துண்டுகளை நூல் பிடித்தாற்போல் நேராக ஒட்டுவது, அனாவசிய எடை ஏற்றாமலிருப்பது, கட்டுப்பாட்டுப் பரப்புகளை (இறக்கையிலும் வாலிலும் திரும்பும் பகுதிகளை) அசைக்கும் இணைப்புகளில் துளியும் தளர்ச்சி விடாமலிருப்பது ஆகியவை. ஒட்டும் வேலையில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பலர் மூன்றாவதில் காட்டுவதில்லை. விமானங்கள் விழுவதோ பெரும்பாலும் அங்கேதான். ஆகவே இந்தப் பதிலிலும் அதற்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன்.

வாங்குவதற்கு முன் சில கேள்விகள். உடற்பகுதி ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். அது உங்கள் அறையின் கதவு வழியாகத் திரும்புமா? உங்கள் வண்டிக்குள் நுழையுமா? இறக்கைகளைக் கழற்றலாம், உடலை மடக்க முடியாது. பறக்கவிடும் திடலில் பெட்ரோல் எஞ்சினின் சத்தத்தை அனுமதிப்பார்களா? பல நாடுகளில் மாடல் விமானங்களுக்குப் பதிவும் எடை வரம்பும் உண்டு. 12 கிலோ எந்தப் பிரிவில் வருகிறது என்று உங்கள் நாட்டு விதிகளைப் படித்துவிடுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். எஞ்சின், ஒன்பது சர்வோக்கள் (ரேடியோ சொன்னபடி திரும்பும் சிறு மின்மோட்டார்கள்), பேட்டரிகள், சைலன்சர், கார்பன் புரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்தால் கிட்டின் விலை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். சர்வோவில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கிட்டை வாங்காதீர்கள். பணம் போதாவிட்டால் 50 சிசி அளவுக்கு, அதாவது 2.2 மீட்டருக்கு இறங்குங்கள். அதுவும் பெரிய மாடல்தான்; ஒற்றை இறக்கை விமானத்தில் 80 அங்குலம், அதாவது சுமார் 2.03 மீட்டர் தாண்டினாலே 'பெரிய அளவு' என்று கணக்கிடுவது மாடல் உலக வழக்கம்.

எக்ஸ்ட்ராவைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஜெர்மனியைச் சேர்ந்த வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்து 1988-இல் முதலில் பறந்த இந்த விமானத்தின் இறக்கை, உடலின் நடு உயரத்தில் இருக்கிறது. மேலும் கீழும் ஒரே வளைவு. நிமிர்ந்து பறந்தாலும் தலைகீழாகப் பறந்தாலும் நடத்தை ஏறத்தாழ ஒன்றே. மாடலாகச் சுருக்கினாலும் அந்தக் குணம் மாறுவதில்லை. அதோடு, கட்டுபவருக்கு ஒரு வசதி: இறக்கையும் கிடைமட்ட வாலும் பொதுவாகச் சுழியக் கோணத்தில்தான் அமைகின்றன. சரிபார்க்க எளிது.

இனி வேலைக்கு வருவோம். முதல் தேவை மேசை. இறக்கையின் ஒரு பாதியை முழுதாகக் கிடத்தும் அளவுக்கு நீளம் வேண்டும். வளையாத, கனமான பலகை வேண்டும். கதவுக்குச் செய்த தடித்த பலகை நன்றாக உதவும். ரசமட்டம் வைத்து, நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை என்று பாருங்கள். மேசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்கூடப் பாதகமில்லை, முறுக்கியிருந்தால்தான் ஆபத்து. மேசையில் இருக்கும் முறுக்கு அப்படியே இறக்கைக்குப் போய்விடும். மேலுறைப் படலம் ஒட்டும்போது வெப்பம் காட்டித் திருத்திக்கொள்ளலாம் என்பதெல்லாம் சிறிய, மெலிந்த இறக்கைகளோடு சரி.

பெட்டியைத் திறந்ததும் ஒட்டத் தொடங்க வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் தராசை எடுத்து பால்சாத் தாள்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். பால்சா இயற்கை மரம். ஒரே அளவுள்ள 3 மில்லிமீட்டர் தாள்கள் இரண்டில் ஒன்று 27 கிராமும் மற்றொன்று 55 கிராமும் இருப்பது சாதாரணம். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எடையை எழுதி வரிசைப்படுத்துங்கள். இலேசானவை வாலுக்கும் இறக்கை நுனிகளுக்கும், கனமானவை மூக்குப் பக்கத்துக்கும் இறக்கையின் அடிப்பகுதிக்கும். இறக்கையின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் ஒரே கூட்டுத்தொகை வருமாறு பிரித்துவிடுங்கள். தாளின் முகத்தையும் பாருங்கள். மீன் செதில் போலப் புள்ளிபுள்ளியாக மினுங்கும் தாள் விறைப்பானது. தட்டையான பரப்புகளுக்கு ஏற்றது, வளைத்தால் உடையும். நேர்கோடுகளாக நார் ஓடும் தாள் வளைந்து கொடுக்கும்; முன்விளிம்பைச் சுற்றிப் போர்த்த அதுதான் வேண்டும்.

வால் எடையைப் பற்றி இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் நெம்புகோல் கணக்கு. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம், மூக்கு இருக்கும் தூரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வாலில் 100 கிராம் கூடினால் அதை ஈடுகட்ட மூக்கில் 250 கிராம் ஏற்ற வேண்டும். மொத்தத்தில் 350 கிராம். அந்த 100 கிராம் ஒரே இடத்தில் வந்து உட்காருவதில்லை. கொஞ்சம் கனத்த மரம், கீல்களைச் சுற்றி வழிந்த எபாக்ஸிப் பசை, பள்ளம் நிரப்பப் பூசிய கலவை, 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த ஒரு பிளைவுட் துண்டு என்று சிறுகச் சிறுகச் சேர்கிறது.

கட்டும் வரிசையைக் கிட்டின் கையேடு சொல்லும். அது எதுவானாலும், நான் வாலிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். சிறிய பகுதி, தவறினால் மரம் அதிகம் வீணாகாது, கையும் பழகும். பிறகு இறக்கை, கடைசியில் உடல்.

பசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. என் கட்சி, மரத்தோடு மரம் சேரும் பெரும்பாலான இடங்களுக்கு மஞ்சள் நிற மரப்பசை. காயச் சில மணி நேரம் ஆகும், ஆனால் அதிலுள்ள நீர் ஆவியாகிப் போவதால் எடை குறைவு. உப்புத்தாளால் தேய்த்தால் மரத்தோடு சேர்ந்து தேயும். சயனோ பசை நொடியில் பிடிக்கும். இடுக்குகளில் ஊறி ஓடவும் தற்காலிகமாகப் பிடித்து வைக்கவும் அதைப்போல் வேறில்லை. ஆனால் காய்ந்தபின் பால்சாவைவிட மிகக் கடினமாகிவிடுவதால், தேய்க்கும்போது பசைக்கோடு மேடாக நின்று இருபுறமும் மரம் குழியும். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் பதம் பார்க்கும் என்பதால் காற்றோட்டம் அவசியம். எஞ்சின் பலகை, சக்கரக் கால்கள் பொருந்தும் தட்டு, இறக்கைக் குழாயின் உறை, கீல்கள் ஆகிய இடங்களுக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸி மட்டும். ஐந்து நிமிட எபாக்ஸியை அங்கே கொண்டுபோகாதீர்கள். மர நாருக்குள் ஊறுவதற்கு முன்பே இறுகிவிடும்.

உங்கள் கிட்டின் இறக்கை நுரைத்தெர்மோகோல் கட்டையின் மேல் பால்சாத் தோல் போர்த்தும் வகையாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: சாதாரண சயனோ பசை பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குகை விழுந்திருக்கும். அந்த இறக்கைக்கு எபாக்ஸியோ பாலியூரித்தேன் பசையோதான். ரிப்களும் (குறுக்குச் சட்டங்கள்) ஸ்பார்களும் (நீளவாக்கில் ஓடும் தண்டுகள்) கொண்ட இறக்கையானால், மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே நிற்கும் சிறு தடுப்புத் துண்டுகளைக் கவனியுங்கள். அவற்றின் மர நார் செங்குத்தாக ஓட வேண்டும், ஸ்பாரோடு முழு விளிம்பும் ஒட்டியிருக்க வேண்டும். பார்க்க அற்பமாக இருக்கும் அந்தத் துண்டுகள் இல்லாவிட்டால் ஸ்பார்கள் இரண்டும் தனித்தனிக் குச்சிகள்தான்.

உடற்பகுதியில் லேசரால் வெட்டிய சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கும். பொருத்தம் அழகாக இருப்பதாலேயே நேராக இருக்கிறது என்று நம்பிவிடத் தோன்றும். முழு உடலையும் பசையில்லாமல் கோத்து, மேசையில் வரைந்த மையக்கோட்டின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு சட்டத்தின் மையக்குறியும் கோட்டில் விழுகிறதா என்று தூக்குநூல் விட்டுப் பார்த்தபிறகே பசை. எஞ்சின் பலகை பெரும்பாலும் இரண்டு, மூன்று பாகை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் எஞ்சினின் மையம் இடப்பக்கம் சற்று விலகியிருக்கும். பலகையிலிருந்து புரொப்பெல்லர் 150 மில்லிமீட்டர் முன்னே இருந்தால் விலகல் ஆறு, ஏழு மில்லிமீட்டர். அப்போதுதான் புரொப்பெல்லரின் முன் இருக்கும் கூம்பான ஸ்பின்னர் சரியாக நடுவில் வந்து நிற்கும். இது தெரியாமல் 'கிட்டில் துளை தப்பாகப் போட்டிருக்கிறார்கள்' என்று திருத்திவிடுபவர்கள் உண்டு.

இறக்கைக் குழாயின் உறையை ஒட்டும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். குழாயைச் செருகி, இரு இறக்கைகளையும் வாலையும் மாட்டி, விமானத்தை முழுதாக நிறுத்துங்கள். இரு இறக்கை நுனிகளிலிருந்தும் வால்முனைக்கு உள்ள தூரம் ஒன்றுதானா? நீளாத நூலால் அளந்தால் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடத் தெரிந்துவிடும். பின்னால் நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, கிடைமட்ட வால் இறக்கைக்கு இணையாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கோணமானியை இரு இறக்கைகளிலும் வைத்து ஒரே எண் வரும்வரை நகர்த்துங்கள். ஓர் இறக்கை கால் பாகை கூடுதலாக நிமிர்ந்திருந்தாலும், மூக்கை உயர்த்தி மெதுவாகப் பறக்கும்போது அது முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும். விமானம் எப்போதும் ஒரே பக்கமாக விழும். எல்லாம் சரி என்றான பிறகு, கழற்றாமல், அப்படியே எபாக்ஸி வைத்து மறுநாள் வரை விட்டுவிடுங்கள்.

இப்போது கீல்கள். இங்கே கொஞ்சம் நிதானிப்போம்.

பெரிய சாகச மாடலில் எலிவேட்டர் (கிடைமட்ட வாலின் அசையும் பகுதி) 45 பாகை வரை, அய்லரான் (இறக்கையின் பின்பக்கம் அசையும் பகுதி) 30 முதல் 35 பாகை வரை திரும்ப வேண்டியிருக்கும். அந்தப் பரப்பின் முன்விளிம்பை இருபுறமும் சரித்து, கூரிய முகடாக இழைத்தால்தான் அவ்வளவு திருப்பம் கிடைக்கும். முகட்டின் நடுக்கோட்டில்தான் எல்லாக் கீல்களின் அச்சும் விழ வேண்டும். ஏழு கீல்களில் ஒன்று ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அய்லரான் பாதி வழியில் இறுகும்; சர்வோ அதை வலுவில் தள்ளும்; மின்சாரம் வீணாகும்; கீலும் தேயும். துளையிடும் முன் இரு பரப்புகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே சமயத்தில் குறியிடுங்கள். பரப்புகளுக்கு இடையிலான இடைவெளி ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் கீலின் மூட்டு சற்று உள்ளே புதைந்திருக்க வேண்டும். முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் செருகி, அய்லரானைத் தூக்கி விடுங்கள். தன் எடையாலேயே தளர்ந்து கீழே விழ வேண்டும்.

ஒட்டும்போது மூட்டின் மேல் ஈர்க்குச்சி முனையால் வாஸலின் தடவிக்கொள்ளுங்கள், பசை அங்கே ஒட்டாது. எபாக்ஸியைக் கீலின் மேல் பூசுவதைவிடத் துளைக்குள் விடுவது நல்லது. பூசினால் செருகும்போது விளிம்பிலேயே வழித்துவிடப்பட்டு உள்ளே ஒன்றும் போகாது. பிதுங்கி வருவதைச் ஆல்கஹாலில் நனைத்த துணியால் உடனே துடையுங்கள். இறுகும் நேரத்தில் பரப்பை இரு எல்லைகளுக்கும் பலமுறை அசைத்து வையுங்கள். கீல்கள் தாமே தங்கள் கோணத்தைக் கண்டுகொள்ளும். மறுநாள் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நன்றாகவே இழுங்கள். கையில் பிடுங்கிக்கொண்டு வந்தால் அது நல்ல செய்தி, வானத்தில் பிடுங்கவில்லையே.

சர்வோவிலிருந்து பரப்புக்குப் போகும் தள்ளுகம்பியின் கணக்கு, ஆயத்த மாடல்களில் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடியது. சர்வோ தன் முழு வீச்சையும் பயன்படுத்தும்படியாக, அதன் கையைக் குட்டையாகவும், பரப்பில் கம்பியை மாட்டும் கொம்பான ஹார்னை உயரமாகவும் வையுங்கள். சர்வோ 60 பாகை திரும்பி அய்லரான் 30 பாகை திரும்பினால், ஹார்னின் உயரம் கையின் நீளத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. அப்போது சர்வோவின் விசை பெருகுகிறது, அதன் பற்சக்கரங்களில் இருக்கும் சிறு தளர்ச்சியும் பரப்பை அடையும்போது சுருங்குகிறது. பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். நீண்ட கையைப் போட்டுவிட்டு, வீச்சு அதிகமாகிவிட்டது என்று டிரான்ஸ்மிட்டரில் 50 சதவீதமாகக் குறைக்கிறார்கள். வாங்கிய விசையில் பாதியைக் குப்பையில் போடும் வேலை அது.

ஹார்னின் துளை கீல் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் மேல்வீச்சும் கீழ்வீச்சும் சமமாக வராது. கைகள் உலோகத்தில், இணைப்புகள் பந்து மூட்டில், தள்ளுகம்பி இருமுனையிலும் எதிரெதிர் மரை உள்ளதாக இருக்கட்டும். கழற்றாமலேயே நீளத்தைத் திருகிச் சரிசெய்யலாம். எல்லாம் முடிந்தபின் ரேடியோவை இயக்கிவிட்டு, அய்லரானின் பின்விளிம்பை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அசைவு தெரிந்தால் எங்கிருந்து என்று தேடுங்கள். ஹார்ன் மரத்தில் அசைகிறதா, பந்து தேய்ந்திருக்கிறதா, சர்வோவே தன் படுக்கையில் ஆடுகிறதா? அந்த ஆட்டம்தான் வேகத்தில் ஃபிளட்டராக மாறுவது. காற்று பரப்பைப் பற்றி நொடிக்குப் பலமுறை அடிக்கும். கீழே நிற்பவருக்கு 'டர்ர்' என்று கேட்கும். ஓரிரு நொடியில் சர்வோவின் பல் உடையும் அல்லது பரப்பே பிய்ந்து போகும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே எஞ்சினைக் குறைத்து மூக்கை உயர்த்துங்கள், வேகம் விழட்டும். தரையிறக்கிக் காரணம் கண்டுபிடிக்காமல் மறுபடி ஏற்ற வேண்டாம். பின்விளிம்பு கனமாக இருந்தால் ஃபிளட்டர் விரைவில் வரும். வாலில் பூசும் வண்ணமும் கலவையும் அந்த வகையிலும் எதிரிகள். கீல் இடைவெளியை உட்புறமாக மெல்லிய ஒளிபுகும் நாடாவால் மூடிவிட்டால் கட்டுப்பாடு கூர்மையாகும், ஃபிளட்டர் வாய்ப்பும் குறையும்.

ஒரே அய்லரானில் இரண்டு சர்வோக்கள் இருந்தால் அவை ஒன்றையொன்று இழுக்காதபடி இசைக்க வேண்டும். ஒன்றின் தள்ளுகம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, நடுநிலையிலும் இரு எல்லைகளிலும் அது தானாக ஹார்ன் துளைக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். காதுக்கு உறுமல் கேட்காவிட்டாலும் மின்னோட்டமானி பொய் சொல்லாது.

மின்சாரத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஒன்பது டிஜிட்டல் சர்வோக்கள் ஒருசேர வேலை செய்யும் நொடியில் மின்னோட்டம் இருபது ஆம்பியரைத் தாண்டக்கூடும். ஆகவே ரிசீவருக்கு இரண்டு பேட்டரிகள், இரண்டு சுவிட்சுகள், தடித்த கம்பிகள், தானாகக் கழலாத இணைப்பிகள். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி. அதன் கம்பிகளும் ரிசீவரும் குறைந்தது 30 சென்டிமீட்டர் விலகியிருக்கட்டும். சிக்னல் அறுந்தால் எஞ்சின் அடங்கும்படி ஃபெயில்சேஃபை அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்து நிஜமாகவே அடங்குகிறதா என்று தரையில் பார்த்துவிடுங்கள். ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் தூரச் சோதனையை எஞ்சின் ஓடும்போதும் ஒருமுறை செய்ய வேண்டும்.

எரிபொருள் குழாய்க்கு சிலிக்கோனைப் பயன்படுத்தாதீர்கள். மெத்தனால் எஞ்சின்களுக்குப் பழகிய கை அதைத்தான் எடுக்கும், பெட்ரோலில் அது ஊறி உப்பிவிடும். பெட்ரோலுக்கென்றே வரும் டைகான் வகைக் குழாய் வேண்டும். டாங்க் ஈர்ப்பு மையத்துக்கு அருகே இருந்தால் காலியாகும்போது சமநிலை மாறாது. எஞ்சின் மூடிக்குள் வரும் காற்று சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே போய்த்தான் தீர வேண்டும் என்ற நிலையை அட்டை போன்ற மெல்லிய பலகைத் தடுப்புகளால் உண்டாக்குங்கள். வெளியேறும் வழி உள்வழியைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். முன்னால் பெரிய வாய் திறந்து வைத்துப் பின்னால் வழி விடாத மூடிக்குள் எஞ்சின் வெந்துபோகும். உலோகத்தில் இறங்கும் ஒவ்வொரு திருகுக்கும் கழலாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு.

மேலுறைக்கு வெப்பத்தில் சுருங்கும் படலமே போதும். சதுர மீட்டருக்கு 60, 70 கிராம்தான் வரும். ஒட்டும் முன் தேய்ப்பதில்தான் அழகு இருக்கிறது. தூசியை முழுக்கத் துடைக்காமல் இஸ்திரி வைத்தால் வெயிலில் கொப்புளம் கிளம்பும். அடிப்பக்கத்தை முதலில், மேற்பக்கத்தைப் பிறகு போர்த்துங்கள். நிறத்தேர்வு உங்கள் ரசனை, ஆனால் மேலும் கீழும் ஒரே கோலம் மட்டும் வேண்டாம். நூறு மீட்டர் உயரத்தில் உருண்டுகொண்டிருக்கும் விமானத்தில் எது முதுகு, எது வயிறு என்று அரை நொடியில் தெரிய வேண்டும். கீழ்ப்பக்கத்துக்குப் பெரிய கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போடுவது பழைய உத்தி. இன்றும் அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஈர்ப்பு மையத்தை, கையேடு சொல்லும் இடத்தில், டாங்க் காலியாக இருக்கும்போது பாருங்கள். பல கிட்களில் அது இறக்கைக் குழாய்க்கு அருகிலேயே விழும் என்பதால், குழாயில் கயிறு கட்டித் தூக்கியே பார்த்துவிடலாம். ஈயக்கட்டி தேடும் முன் பேட்டரிகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பக்கவாட்டுச் சமநிலையையும் மறக்க வேண்டாம். ஒரு நுனி கனத்திருந்தால் அதை டிரிம்மால், அதாவது பரப்பின் நடுநிலையைச் சற்று நகர்த்தி, மறைக்க முடியாது. காற்றின் விசை வேகத்தோடு மாறும், எடை மாறாது. ஆகவே ஒரு வேகத்தில் சரியானது இன்னொன்றில் கோணும்.

எஞ்சினை முதலில் முடுக்கும்போது வாலைக் கட்டிவிட்டு, பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு துணையாளையும் வைத்துக்கொள்ளுங்கள். 28 அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஓடினால் அதன் நுனி வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போகிறது. தடித்த கையுறை, தொங்கும் துணி எதுவும் இல்லாத உடை, சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்காமை: இவற்றில் விலக்கே கிடையாது.

முதல் பறத்தலில் வீச்சுகளைப் பாதியாகக் குறைத்து வையுங்கள். எஞ்சினின் இழுவிசை விமான எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும், ஆகவே த்ராட்டிலை மெதுவாகத் திறந்தாலே போதும், ஏறிவிடும். நல்ல உயரத்தில் டிரிம் செய்து, எஞ்சினைக் குறைத்து ஸ்டால் எப்படி வருகிறது என்று பாருங்கள். தரையிறங்கும் வேகத்துக்கு அது அளவுகோல். தரையிறங்கியதும் மூடியைக் கழற்றி எஞ்சின் போல்ட்டுகள், புரொப்பெல்லர் போல்ட்டுகள், சைலன்சர், இறக்கைகளைப் பிடிக்கும் திருகுகள், சர்வோ கைகள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். புது மரம் இறுக்கத்தில் சற்றே அமுங்குவதால் முதல் நாளில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும்.

இரண்டாம், மூன்றாம் பறத்தலில் ஈர்ப்பு மையத்தை நுணுக்கமாகச் சோதியுங்கள். 45 பாகை மேல்நோக்கி ஏறும்போது விமானத்தைத் தலைகீழாக உருட்டி, எலிவேட்டரை விட்டுவிடுங்கள். சிறிது தூரம் அதே கோட்டில் போய்ப் பிறகு மெல்ல மூக்குத் தாழ்ந்தால் சரி. உடனே தாழ்ந்தால் மூக்கு கனம். தானாக மேலே வளைந்து ஏறினால் வால் கனம். பேட்டரியை ஒரு விரற்கடை நகர்த்தி மறுபடி பாருங்கள். அது முடிந்த பிறகுதான் இறக்கை செங்குத்தாக நிற்கும் கத்திமுனைப் பறத்தலில் ரடர் (செங்குத்து வாலின் அசையும் பகுதி) கொடுக்கும்போது மூக்கு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதைத் தானாக ஈடுகட்டும் மிக்ஸை டிரான்ஸ்மிட்டரில் போட வேண்டும். மையத்தை நகர்த்தினால் அந்த எண்களும் மாறிவிடும்.